"காய்ஞ்ச விறகு" என்று சொல்லி பச்சை விறகை இறக்கிவிட்டார், பாக்கியைக் கொடுக்க வேண்டுமா?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டுப் பின்கட்டில் அடுப்பு போட்டு காராச்சேவும் முறுக்கும் போட்டு, சுற்று வட்டாரக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறார். வேலைக்கு அவரும் அவர் நாத்தனாரும்தான். தீபாவளி நெருக்கத்தில் மட்டும் கூடுதலாக ஒரு பெண் வருவாராம்.

தீபாவளிக்கு முன்னால் பக்கத்து ஊர் விறகுக்காரரிடம் போனில் 3 டன் விறகு சொல்லியிருக்கிறார். "நல்லா காய்ஞ்ச கருவேல உருட்டுக்கட்டை, டன் 5,500" என்று பேச்சு. காய்ந்த விறகு அடுக்கின் படம் ஒன்றும் வாட்ஸாப்பில் வந்திருக்கிறது. முன்பணம் 10,000, பாக்கி 6,500. இரவு ஒன்பது மணிக்கு மழைத் தூறலில் டிராக்டரில் வந்து இறக்கிவிட்டு, 3,020 கிலோ என்று எடைமேடைச் சீட்டைக் கையில் கொடுத்துப் போய்விட்டார்கள். மேலே இருந்ததெல்லாம் நல்ல கட்டை. காலையில் அடியில் புரட்டினால் பச்சை விறகு, மண்ணோடு தூர், நடுநடுவே முருங்கையும் உதியும் (ஒதி மரம்). வேறு வழியில்லாமல் ஆறு நாள் அதையே எரித்திருக்கிறார். புகை கண்ணைக் கரிக்கிறது, எண்ணெய் காயவில்லை, இரண்டு ஈடு சேவு எண்ணெய் குடித்து வீணாகிவிட்டது. எட்டாம் நாள் தம்பியை விட்டு மிச்சத்தை மாவு நிறுக்கும் மேடைத் தராசில் போட்டால் 1,750 கிலோ. எரித்தது நாளுக்குத் தொண்ணூறு கிலோ வீதம் 540 என்று வைத்தாலும் மொத்தம் 2,290தான் வருகிறது. மீதி 730 கிலோ எங்கே?

விறகுக்காரரிடம் கேட்டால் "விறகு காஞ்சா எடை குறையத்தாம்மா செய்யும், மழைக்காலத்துல இப்படித்தான் இருக்கும், பாக்கியைக் குடுங்க, இல்லன்னா ஆளோட வர வேண்டியிருக்கும்" என்கிறாராம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள்: போலீஸில் 420 கேஸ் கொடு, வியாபாரத்துக்கு வாங்கினதால் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது, ஜிஎஸ்டி பில் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாது, பாஸ் (வனத்துறை அனுமதிச் சீட்டு) இல்லாத விறகை வாங்கினதே குற்றம், வாயை மூடிக்கொண்டிரு. "விறகைத் திருப்பி அனுப்பலாமா, முன்பணம் வருமா, பாக்கியைக் கொடுத்தே ஆக வேண்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, நீங்கள் எட்டாம் நாள் தராசில் போட்டுப் பார்த்தீர்களே, பெரும்பாலானவர்கள் அதைச் செய்யமாட்டார்கள். திட்டிக்கொண்டே எரித்துத் தீர்த்துவிட்டு அப்புறம் வந்து கேட்பார்கள். உங்கள் பக்கம் நிற்பதற்கு இடமிருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த 730 கிலோ

விறகு காய்ந்தால் எடை குறையும் என்று அவர் சொல்வது உண்மைதான். எவ்வளவு, எத்தனை நாளில் என்பதுதான் கேள்வி. வெட்டிய கையோடு இருக்கும் பச்சை மரத்தில் எடையில் பாதி வரைக்கும்கூட தண்ணீர் இருக்கும். காற்றில் நன்றாக ஆறிய விறகில் அது 15 முதல் 20 சதவீதம். நூற்றுக்கு நாற்பது பங்கு தண்ணீர் உள்ள 3,020 கிலோ பச்சை விறகு, நூற்றுக்கு இருபது பங்கு என்ற நிலைக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 2,265 கிலோ ஆகும். அதாவது 755 கிலோ குறையும். உங்கள் கணக்கில் காணாமல் போனது 730.

இப்போது அவர் பேச்சை அவருக்கே திருப்பிக் கேளுங்கள். காய்ந்துதான் 730 கிலோ குறைந்தது என்றால், இறக்கும்போது அது முழுப் பச்சையாக இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். விற்றதோ "நல்லா காய்ஞ்ச" விறகு. இல்லை, காய்ந்த விறகுதான் கொடுத்தேன் என்றால் 730 கிலோ அவர் வண்டியிலேயே ஏறவில்லை. இரண்டில் ஒன்றை அவர் எடுத்துக்கொள்ளட்டும். உருட்டுக்கட்டை ஐப்பசி மழையில் எட்டே நாளில் அவ்வளவு காய்வது நடக்கிற காரியமும் இல்லை, அதற்கு மாதக்கணக்கில் வெயில் வேண்டும். மழையில் நனைந்தது என்பதும் வேறு சங்கதி. மேலே பட்ட மழை ஈரம் கூரைக்குள் அடுக்கினால் சில நாளில் போய்விடும், கட்டையைப் பிளந்தால் நடுவில் இருக்கிற ஈரம் மரத்தின் சொந்த ஈரம். ஒரு கட்டையைப் பிளந்து படம் எடுத்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எரித்த 540 உங்கள் உத்தேசம், எட்டு நாளில் கொஞ்சம் காய்ந்தும் இருக்கும், அதனால் 730ஐ மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கைவைப்பது அங்கேதான். அதைவிடப் பலமான ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது, நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: எடைச்சீட்டில் மொத்த எடைக்கு அன்றைய தேதியும், காலி வண்டி எடைக்கு ஒன்றரை மாதத்துக்கு முந்தைய தேதியும் இருக்கிறது. என்றைக்கோ போட்ட காலி எடையை கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கழித்திருக்கிறார்கள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர் மாறினாலே எடை நூற்றுக்கணக்கில் மாறும். அதோடு லோடு எடை போடும்போது ஏற்றுகூலி ஆட்கள் நான்கு பேர் மேலே உட்கார்ந்திருந்தால் அதுவே இருநூற்று ஐம்பது கிலோ பக்கம். ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை, இந்தச் சீட்டு 3,020 கிலோவை நிரூபிக்காது என்றுதான் சொல்கிறேன்.

எடைமேடை மீதே சந்தேகம் இருந்தால், தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர். மின்னணு எடைமேடைக்கு வருடத்துக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை போட வேண்டும், அந்தச் சான்றிதழைப் பார்வையில் வைத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் போதும்.

சொந்தக்காரர்கள் சொன்னதில் எது சரி?

கன்ஸ்யூமர் கோர்ட் பேச்சு பாதி உண்மை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவர் அந்த விலக்கில் வரமாட்டார் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. 1995இல் உச்ச நீதிமன்றம், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் சம்பந்தப்பட்ட லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர், தட்டச்சு மெஷின் வாங்கித் தானே அடிக்கிறவர் எல்லாம் நுகர்வோர்தான், ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்று தெளிவாகச் சொன்னது. (அந்த வழக்கைப் போட்டவர் தோற்றுப்போனார், அவர் வாங்கியது பெரிய எந்திரம். நமக்கு வேண்டியது அவர்கள் சொன்ன விளக்கம்.) நீங்களும் நாத்தனாரும் அடுப்படியில் நின்று சேவு பிழிகிறீர்கள். பத்து ஆள் வைத்து நடத்தும் கம்பெனி இல்லை. மனுவில் "சுயதொழில் மூலம் பிழைப்புக்காக" என்ற வார்த்தை கட்டாயம் இருக்க வேண்டும், அது இல்லாமல் போட்டு வாசலிலேயே திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜிஎஸ்டி பேச்சு சுத்தமாகத் தப்பு. விறகுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரியில்லாத சரக்கை மட்டும் விற்பவர் ஜிஎஸ்டி பதிவே எடுக்கத் தேவையில்லை. அதனால் ஜிஎஸ்டி பில் இல்லை என்பது அவர் மோசடிக்காரர் என்பதற்கும் சாட்சி இல்லை, உங்கள் வாங்கலைச் செல்லாததாக்கவும் செய்யாது. நாளைக்கு வேறு யாராவது "ஜிஎஸ்டி சேர்த்து இவ்வளவு" என்று விறகுக்கு வாங்கப் பார்த்தால் அப்போது சண்டை போடுங்கள். போனில் பேசிய ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். உங்களுக்கு வாட்ஸாப் படம், ஜிபேயில் முன்பணம் போன தடம், எடைச்சீட்டு மூன்றும் இருக்கின்றன. போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள்.

பாஸ் விஷயம் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது. சந்தன மரத்துக்குத் தனி விதிகளே இருக்கின்றன, பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. சீமைக்கருவேலம் அந்த வரிசையில் இல்லை, அரசே அதை வேரோடு அழிக்கத்தான் பார்க்கிறது. சிக்கல் மரத்தில் இல்லை, மரம் நின்ற இடத்தில் இருக்கிறது. கண்மாயிலும் புறம்போக்கிலும் நிற்கிற கருவையை ஏலம் எடுத்துத்தான் வெட்ட வேண்டும், எடுக்காமல் வெட்டினால் திருட்டு. திருட்டு மால் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தும் வாங்கினாலோதான் வாங்கியவர் மாட்டுவார். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். இனி வாங்கும்போது "பட்டாக்காடா, ஏலமா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

அப்புறம் 420. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது அது 318ஆம் பிரிவு. மோசடிக் குற்றம் என்றால் பேசும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். சொன்னபடி சரக்கு வராதது மட்டும் குற்றவழக்கு ஆகாது, ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள், அதில் அவர்கள் மேல் தப்பும் இல்லை. ஆனால் "ஆளோட வருவேன்" என்றது வேறு. திரும்ப அப்படிச் சொன்னால், அந்த மிரட்டலுக்கு மட்டும் தனியாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் வாட்ஸாப் குரூப்பில் அவர் படத்தைப் போட்டு "விறகுத் திருடன்" என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், சகோதரி. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அவதூறு வழக்கை ஏன் அவர் கையில் கொடுக்கிறீர்கள்?

திருப்பி அனுப்பலாமா?

இங்கேதான் உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டம் இன்றைக்கும் இதற்கெல்லாம் அடிப்படை. "காய்ந்த கருவேலம்" என்று சொல்லி விற்றால் அப்படியே இருக்க வேண்டும். எதற்கு வாங்குகிறீர்கள் என்று சொல்லி, அவர் தொழிலை நம்பி வாங்கியிருந்தால், சரக்கு அந்த வேலைக்கு ஆக வேண்டும். சேவு போட என்று அவருக்குத் தெரியும். எடை குறைந்து வந்தாலோ, சொன்னதோடு வேறு சரக்கைக் கலந்து வந்தாலோ, வந்ததை மொத்தமாக மறுக்கலாம், கலப்புச் சரக்கில் சரியானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறுக்கவும் செய்யலாம். மறுத்துவிட்டால் திருப்பி ஏற்றி அனுப்புகிற செலவுகூட உங்களுடையது இல்லை, மறுத்துவிட்டேன் என்று தெரிவித்தால் போதும்.

ஆனால் இதெல்லாம் முதல் நாள் காலையில் போன் செய்திருந்தால். நீங்கள் ஆறு நாள் எரித்தபிறகுதான் சொன்னீர்கள். சரக்கில் ஒரு பகுதியைப் பயன்படுத்திவிட்டால் சட்டம் அதை ஏற்றுக்கொண்டதாகத்தான் எடுக்கும், அதற்குப் பிறகு மொத்தத்தையும் திருப்பும் உரிமை பெரும்பாலும் போய்விடும். பண்டிகை ஆர்டர் கழுத்தைப் பிடித்தது என்பது எனக்குப் புரிகிறது, நீதிபதிக்கும் புரியலாம், ஆனாலும் முழு முன்பணமும் திரும்பி வரும் என்று நம்பி இறங்காதீர்கள். போகாத உரிமை ஒன்று இருக்கிறது: குறைக்கு ஏற்றபடி விலையைக் குறைத்துக் கேட்பது. பாக்கியைக் கொடுக்காமல் நிறுத்திவைக்க உங்களுக்கு அது போதும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். வந்தது 2,290 கிலோ. அதில் உதி, முருங்கை எல்லாம் சேர்த்து ஒரு நானூறு கிலோ இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒதி பெருத்தால் உத்திரமாகாது என்பார்கள், அது அடுப்புக்கும் ஆகாது. கழித்தால் 1,890 கிலோ, கிலோ ஐந்தரை ரூபாய் வீதம் 10,395. நீங்கள் கொடுத்திருப்பது 10,000. பச்சையாக இருந்ததற்கு இதில் இன்னும் ஒன்றும் கழிக்கவில்லை, வீணான இரண்டு ஈடு சேவும் சேரவில்லை. ஆகவே "பத்தாயிரத்தோடு கணக்கு முடிந்தது, மேற்கொண்டு எதுவும் தரவேண்டியதில்லை" என்ற இடத்தில் நீங்கள் நியாயமாகவே நிற்கலாம். இறக்குகூலி 600ஐயும் அவர் தலையில் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசாமல் விடுங்கள், அது பேரத்தைக் கெடுக்கும்.

என் யோசனை இதுதான். ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள்: என்ன பேசினோம், என்ன வந்தது, எடை எவ்வளவு, எதைக் கழித்து எவ்வளவு வருகிறது, பத்து நாளுக்குள் வந்து பார்த்துக்கொள்ளலாம், மிச்ச விறகு அப்படியே இருக்கிறது. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸாப்பிலும் போடுங்கள். பெரும்பாலும் இதோடு முடியும், ஏனென்றால் பாக்கிக்காக அவர் சிவில் வழக்கு போடலாம், மூன்று வருடம் அவகாசம்கூட இருக்கிறது, ஆனால் 6,500 ரூபாய்க்காக அந்த எடைச்சீட்டோடு கோர்ட் ஏற அவருக்கு மனசு வராது. ஒத்துக்கொண்டால் "கணக்கு தீர்ந்தது" என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள், வாட்ஸாப்பில் ஒரு வரி என்றாலும் சரி. முரண்டு பிடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம், அதுவும் ஆகாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், சரக்கின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நானே வக்கீலாக இருந்துகொண்டு சொல்கிறேன், இந்தத் தொகைக்கு வக்கீல் வைக்காதீர்கள். ஆனால் அலைச்சலும் மாதக்கணக்கும் ஆகும், சேவு வியாபாரத்தை விட்டுவிட்டு அதற்கு எத்தனை நாள் போவீர்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த லோடு வாங்கும்போது

"கருவேல விறகு" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாட்டுக் கருவேலமும் அதுதான், சீமைக்கருவேலமும் அதுதான், கருவேல விறகுதானே கொடுத்தேன் என்று நாளைக்கு எதைக் காட்டியும் பேசலாம். மரத்தின் பெயர், உருட்டா பிளந்ததா, எவ்வளவு நீளம், வெட்டி எத்தனை மாதம் ஆனது, தூர் வேண்டாம், வேறு மரம் கலக்கக் கூடாது, இவ்வளவையும் வாட்ஸாப்பில் எழுதி "சரி" என்று பதில் வாங்குங்கள். அந்த "சரி"தான் உங்கள் பில். "ஒரு லோடு", "ஒரு வண்டி" என்று விலை பேசாதீர்கள், கிலோ அல்லது டன் மட்டும். எடைமேடையை நீங்கள் சொல்லுங்கள், வீட்டு ஆள் ஒருவர் கூடவே போகட்டும், லோடு எடையும் இறக்கியபிறகு காலி எடையும் அதே நாளில் அதே மேடையில் விழட்டும். கொஞ்சம் டீசல் செலவு என்று முணுமுணுப்பார்கள், அதை நீங்களே கொடுத்தாலும் நஷ்டமில்லை.

இரவில் இறக்கவிடாதீர்கள். மழையில் வந்தாலும் வேண்டாம். பகலில் வந்தால் இறக்குமுன் வண்டியின் நடுவிலிருந்து ஐந்தாறு கட்டையை உருவிப் பாருங்கள். காய்ந்த கட்டையின் வெட்டு முனையில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை லேசாகவே உரியும், இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று இருக்கும். என் அம்மா கடைசி வரை விறகைத் தட்டிக் கேட்டுத்தான் வாங்குவார், தேங்காய்க்குச் செய்கிற மாதிரி. அடுப்பில் வைத்தால் முனையில் சீறி நுரை தள்ளினால் பச்சை. ஆயிரம் ரூபாய் சுமாருக்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரே கிடைக்கிறது, மாதம் மூன்று டன் வாங்குகிறவருக்கு அது பெரிய செலவு இல்லை. கட்டையைப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பார்க்க வேண்டும், மேல்பட்டையில் குத்தினால் பொய் சொல்லும். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இந்தத் தடவை பாக்கி கையில் இருந்ததால்தான் பேசவே முடிகிறது.

இப்போது கையில் இருக்கிற 1,750 கிலோவில் உதியையும் முருங்கையையும் பொறுக்கித் தனியாகப் போடுங்கள், கணக்கு தீரும்வரை எரிக்க வேண்டாம். நல்ல கருவைக் கட்டைகளைப் பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் காற்றுப் போகும்படி அடுக்கிக் கூரைக்குள் வையுங்கள். மாசி, பங்குனி வாக்கில் அது நன்றாகவே எரியும். இன்னொன்று: எடைமேடைச் சீட்டு தெர்மல் தாளில் அடித்ததாக இருந்தால் சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும். நாளைக்கே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைத் தம்பி வீட்டில் கொடுத்து வையுங்கள்.